கொத்தமல்லி வளையம்

என் வயதுக்காரரே, டென்மார்க்கில் யூலாந்தின் சின்னப் பட்டணங்களில் தமிழ்ப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். பெரியவர்கள் விட்ட பிழைக்கு நீங்கள் பேச்சு வாங்கியதில்லையா? வாங்கியிருப்பீர்கள். இப்போது முப்பதைத் தாண்டி, தலைக்கு மை பூசத் தொடங்கி, கலியாணவீடுகளில் கண்டால் அதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. டிசம்பர் பிறந்து, டெனிஷ்காரர் வீட்டுக் கதவுகளில் வளையங்கள் தொங்கத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரியும்.

ஊரில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த குளிர்காலம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. காய்ந்த செடிகளை வைத்து ஒரு வளையம் கட்டினேன். அதனால் என் மாமா செத்தார் என்றார்கள். இதுதான் கதை. மிச்சத்தை ஆறுதலாகச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், ஆனால் ஆறுதலாக வராது, மன்னியுங்கள்.

நாங்கள் பிராண்டே என்ற பட்டணத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர் வீட்டுக்குள் வந்தால் பசை மணமும் கூடவே வரும், குளித்தாலும் போகாது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. எனக்குக் கீழே ஐந்து வயதுத் தங்கச்சி. அவளோடு தமிழில் கதைத்தால் டெனிஷில் மறுமொழி வரும். கடைக்குட்டி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான்.

வீடு ஒரு டெனிஷ் கிழவரிடம் வாங்கியது. அவர் எங்களுக்கு இரண்டு சாமான்களை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்று பின்வளவில் நின்ற ஹோர்டென்சியாச் செடி. கோடையில் நீலமாகப் பூத்து, குளிர் தொடங்கியதும் பூ அப்படியே பழுப்புக் கடதாசியாகக் காய்ந்து நிற்கும். மற்றது முன்கதவில், நல்ல உயரத்தில் அடித்திருந்த ஒரு பெரிய ஆணி. "உந்த ஆணியைப் புடுங்கவேணும்" என்று அப்பா வருசம் முழுக்கச் சொல்லுவார். ஒருநாளும் புடுங்கவில்லை.

பின்வளவில் மிச்சமெல்லாம் அம்மாவின் ஆட்சி. கொத்தமல்லி, வெங்காயம், கீரை, சாமிக்கு வைக்கச் செவ்வந்தி. ஒக்டோபரோடு எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். அதைப் பிடுங்கி எறியவும் விடமாட்டார். "விதை முத்தட்டும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இவர்களுக்குத் தோட்டம் துப்புரவாக்கத் தெரியாது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அம்மாவின் ஒரே தம்பி, எங்களுக்குச் சின்ன மாமா, வன்னியில் இருந்தார். தாய் தகப்பன் இல்லாமல் போன அந்தப் பிள்ளையை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவரை எப்படியாவது டென்மார்க்குக்குக் கூப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. நடைபாதையில் சின்ன மேசை ஒன்றில் தொலைபேசி இருந்தது. அதன் சுருள் வயர் இழுபட்டு இழுபட்டு நீண்டு போயிருந்தது. சின்ன மாமா எடுத்தால் அவர் குரல் பிந்தி வரும், ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும். ஒருமுறை என்னிடம், "அங்கை பனி கொட்டினா என்ன மணம் வரும் பிள்ளை?" என்று கேட்டார். "ஒரு மணமும் இல்லை மாமா" என்றேன். "சீ, மணமில்லாத ஊரிலையோ இருக்கிறீங்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் இரண்டு தரம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

அந்த வருசத் தீபாவளிக்கு அம்மா ஆசை ஆசையாகப் பயற்றம் பணியாரம் சுட்டார். அப்பா ஒன்றுகூடத் தொடவில்லை. "பல்லு நோகுது" என்றார். பல் நோகிற மனுசன் அன்று பின்னேரம் பச்சைக் கரட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். சின்னப் பிள்ளைகள் இதையெல்லாம் காண்போம், கண்டதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியாது. சின்ன மாமாவிடமிருந்து போன் வரவில்லையே என்று அம்மா கேட்டபோது, "லைன் எல்லாத்தையும் வெட்டிப்போட்டாங்களாம்" என்றார் அப்பா. தொலைக்காட்சிச் செய்தியில் நாளுக்கு ஒரு ஊரின் பெயர் இல்லாமல் போய்க்கொண்டிருந்த நேரம். அம்மா நம்பினார்.

நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடங்களில் யூல் என்கிற கிறிஸ்மஸுக்கு அலங்காரம் செய்யும் நாள் வருமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்ற வருசங்களில் கத்தரிக்கோலும் மினுங்கல் கடதாசியுமாக இருப்போம். அந்த வருசம் எங்கள் வகுப்பாசிரியைக்குப் புதிதாக ஒரு எண்ணம் வந்துவிட்டது. "கடதாசி வேண்டாம். அவரவர் தோட்டத்தில் காய்ந்து நிற்பதைக் கொண்டு வாருங்கள், கதவுக்கு வளையம் கட்டுவோம்" என்றார். மற்றப் பிள்ளைகளின் தோட்டங்களில் என்னென்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக் காசு மாதிரி மினுங்கும் விதைக்கூடுகள், காட்டு ரோசாவின் சிவப்புக் காய்கள், ஐவிக் கொடி. எங்கள் வீட்டில் என்ன நிற்கிறது? கறிக்குப் போடுகிற சாமான்.

சிவப்புப் பிடி போட்ட தோட்டக் கத்தரிக்கோலோடு பின்வளவில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அம்மா அப்பாவின் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவருடைய வயிற்றுக்கு மேல் பூட்டுப்படவில்லை.

"ஏன் பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறாய்? கொத்தமல்லியை வெட்டு. நுனியிலை பிடியாதை, காய் உதிரும். அடியிலை பிடிச்சு வெட்டு."

ஹோர்டென்சியாப் பூக்களை அவரே முறித்துத் தந்தார். பந்து மாதிரி நின்ற வெங்காயப் பூக்களைத் தந்தார். பிறகு உள்ளே போய், உடுப்புத் தோய்க்கும் அறையில் விதைக்காகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த செவ்வந்திகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"சாமிக்கு வளர்த்த பூவெல்லோ அம்மா. யூலுக்கு வைக்கலாமோ?"

"பூவுக்கு அது தெரியுமோ? கொண்டு போ."

வளையம் கட்டுவது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் கை மறக்கவில்லை. வில்லோ மரத்து மெல்லிய கொப்புகளை ஆசிரியை சுடுதண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். ஊறினால் முறியாமல் வளையும். ஒன்றை வட்டமாக வளைத்து, அதைச் சுற்றி அடுத்ததை முறுக்கி, நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும். பிறகு காய்ந்த செடிகளைச் சின்னச் சின்னப் பிடிகளாக எடுத்து, மெல்லிய கம்பியால் வளையத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு பிடியின் தலையும் முந்திய பிடியின் காம்பை மூட வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போக வேண்டும். கம்பியை நான் வெட்டாமல் சுற்றிக்கொண்டே போனேன். ஹோர்டென்சியாவுக்குப் பக்கத்தில் கொத்தமல்லி, அதற்குப் பக்கத்தில் செவ்வந்தி, இடைக்கிடை வெங்காயப் பூ. என் விரல்கள் எல்லாம் கொத்தமல்லி மணத்தன.

எனக்கு முன்னால் இருந்தவள் மூக்கைப் பொத்தினாள். "இங்கே கறி மணக்கிறது" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை வந்து குனிந்து பார்த்து, "ஸ்பெனனெ" என்றார். சுவாரசியமாக இருக்கிறதாம். எங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோதெல்லாம் கேட்ட அதே சொல். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கம்பியை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். ஆனால் ஒன்று சொல்லுகிறேன், தற்பெருமை என்றாலும் பரவாயில்லை: அந்த வகுப்பில் கட்டிய வளையங்களில் என்னுடையதுதான் வடிவு.

வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நின்றேன். ஆணி எட்டவில்லை. வகுப்பில் நான்தான் ஆகக் கட்டை. துள்ளிப் பார்த்தேன், அப்போதும் எட்டவில்லை. அம்மா கதவைத் திறந்தார். அம்மா நல்ல உயரம்.

"எடியேய், வடிவாயெல்லோ கட்டியிருக்கிறாய்!" என்று வளையத்தை வாங்கி மணந்து பார்த்தார். "ஊர்க் குசினி மணக்குது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் எனக்கும் நம் ஆட்களின் வழக்கம் தெரியும். மலர்வளையம் என்றால் எங்களுக்குச் செத்தவீடு. பெட்டிக்கு மேலே வைக்கிற சாமான்.

"அம்மா, எங்கடை ஆக்கள் கண்டா என்ன சொல்லுவினம்?"

"எங்கடை ஆக்கள் எதுக்குத்தான் ஒண்டும் சொல்லாமல் விட்டவை? நான் வேலை செய்யிற இடத்திலை ஒவ்வொரு கதவிலையும் தொங்குது. கிழவியள் அதைத் தடவித் தடவிச் சிரிக்குதுகள். இஞ்சை இது சந்தோசத்துக்கு வைக்கிறது. விடு, நான் கொழுவிறன்."

கொழுவினார். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். சரிவாக நிற்கிறதென்று திரும்ப வந்து நேராக்கினார். தங்கச்சி கதவுக்கு இடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ரை தம்பி வந்தா இந்தக் கதவாலைதானே வருவான். வரேக்கை வடிவாயிருக்கட்டும்" என்றார் அம்மா.

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்தார். யன்னலால் பார்த்தேன். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"வடிவோ?" என்றார் அம்மா.

"ம்" என்றார் அப்பா.

அந்த இடத்தில் அந்த மனுசன் வாயைத் திறந்திருந்தால், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றி வைத்திருந்தாலாவது, நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். "ம்" என்றாராம்!

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஓகூஸிலிருந்து மாமி வந்தார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுவந்திருந்தார். அவருடைய மனுசன் காரிலிருந்து அதை இறக்க, மாமி முதலில் வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்தது நான்தான். மாமி என்னைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்தார், அதிலிருந்த செவ்வந்தியைப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. "சொல்லிப்போட்டான்" என்று தனக்குத் தானே சொன்னார்.

பிறகு பனி ஒட்டிய சப்பாத்தோடு உள்ளே வந்தார். மாமி எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்தது அந்த ஒரு நாள்தான். நேரே குசினிக்குப் போய், வடை சுட்டுக்கொண்டு நின்ற அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குரலெடுத்தார்.

"என்ரை ராசாத்தி! உன்ரை தம்பியை மண் தின்னக் குடுத்திட்டியே! வளத்த கையாலை ஒரு பிடி அரிசி போட வழியில்லாமல் போச்சே!"

அம்மா கையில் எண்ணெய்க் கரண்டியோடு நின்றார். "ஆற்றை தம்பியை மச்சாள்?" என்றார். மிகச் சாதாரணமாகத்தான் கேட்டார். மாமியின் அழுகை பாதியில் நின்றது. அதிலிருந்துதான் அம்மாவுக்கு விளங்கியது. அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சட்டியில் வடை கருகிப் புகை எழும்பியது. அடுப்பை நிற்பாட்டினது நான்.

அப்பா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"நீ இன்னும் சொல்லேல்லையோடா?" என்றார் மாமி.

"இண்டைக்குக் காலமைதானே அக்கா சேதி வந்தது. எப்பிடிச் சொல்லிறதெண்டு தெரியாமல் நிண்டனான்" என்றார் அப்பா.

மாமி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஓம், காலமைதான். செல் குண்டு விழுந்ததாம்" என்றார்.

அம்மா நிலத்தில் இருந்தபடி கேட்டார்: "காலமை வந்த சேதியை நான் அறிஞ்சிட்டன் எண்டு நீங்கள் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

மாமி இதற்கு ஒரு மறுமொழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தார். "கதவிலை மலர்வளையத்தைக் கண்டனே! செத்தவீட்டு வளையத்தைக் கண்டா ஆர்தான் என்ன நினைக்கிறது? உந்தக் கோதாரியை ஆர் கொழுவினது? உயிரோடை இருந்த பிள்ளைக்கு வளையம் வைச்செல்லோ அனுப்பியிருக்கிறியள்!"

"தெ வார் மோர்" என்றாள் தங்கச்சி. கொழுவினது அம்மா என்று டெனிஷில் அர்த்தம்.

மாமியின் கண் தங்கச்சியிடம் போனது. அங்கிருந்து அம்மாவிடம் போனது. கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"நீதானேடி கட்டினது?"

"ஓம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். வாய் மூடிக்கொண்டது.

அப்பா எனக்குக் கன்னத்தில் அடித்தார். அதற்கு முதல் அவர் என்னை அடித்ததில்லை. பிறகு வெளியே போய் வளையத்தை இழுத்துப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்தார். வில்லோ இலேசில் முறியவில்லை, நான் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன். மிதித்து முறித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வாசல் படியெல்லாம் கொத்தமல்லிக் காய் சிந்தியது. பனியில் அவர் மிதிக்க மிதிக்க மணம் எழும்பிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நான் யார்? வளையம் கட்டின பிள்ளை. அம்மா பேசாமல் விட்டதை மாமி ஊரெல்லாம் பேசினார். கோயிலில் திருவிழாவுக்கு முதல் பெட்டைகள் எல்லாரும் சேர்ந்திருந்து மாலை கட்டுவோமே, அங்கே நான் போய் இருந்ததும் ஒரு மனுசி நூலை என் கையிலிருந்து எடுத்தார். "நீ வேண்டாம் பிள்ளை. உனக்குக் கைராசி இல்லை. வெளியிலை போய்ச் செருப்புகளை அடுக்கு" என்றார். போய் அடுக்கினேன். உங்களில் சிலர் அந்த வட்டத்தில் இருந்தீர்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்களும் பிள்ளைகள்தான். அந்த மனுசியைத்தான் சொல்லுகிறேன்.

இரவில் படுத்துக்கொண்டு கைகளைப் பார்ப்பேன். இந்தக் கை கம்பியைச் சுற்றியபோது அங்கே செல் புறப்பட்டதா? கடைசி முடிச்சை இறுக்கியபோது விழுந்ததா? பதின்மூன்று வயதுப் பிள்ளை யோசிக்கிற யோசனையா இது?

கடைக்குட்டி சுகமாகப் பிறந்தான். வசந்தம் வந்தது. அம்மா அப்பா உட்பட எல்லாரும் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்குப் போய்த் தெருவில் நின்று போரை நிற்பாட்டச் சொல்லிக் கத்தினார்கள். அவர்களுக்கு ஆத்திரப்படத் தெருவும் பதாகையும் இருந்தன. மே மாதம் போர் முடிந்தது என்று செய்தி வந்தது. நான் வெளியே வந்து படியில் குந்தினேன். படிக்கல்லின் இடுக்குகளில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. கிள்ளி மணந்தேன். கொத்தமல்லி. அம்மா வாசலுக்கு வந்து, அதைக் கண்டு, குனிந்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினார். கறிக்கும் எடுக்கவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டார்.

அந்த வருசம் சின்ன மாமாவுக்கு ஆண்டுத்திவசம் வந்தது. மாதம் முந்தியே வருகிறதே என்று நான் யோசிக்கவில்லை, ஏதோ திதிக் கணக்கு என்று நினைத்தேன். அம்மாவின் பக்கத்தில் வேறு ஆண்பிள்ளை இல்லாததால் அப்பாதான் செய்தார். வீட்டுக்கு ஐயர் வந்தார், மாமி வந்தார், கோயில்காரர் வந்தார்கள். நான் தட்டத்தில் பூவும் தர்ப்பையும் கொண்டுபோய் வைத்தபோது ஐயர் கேட்டார்: "எந்த மாசம், என்ன திதி?"

"ஐப்பசி. தேய்பிறை ஏகாதசி" என்றார் அப்பா.

ஐப்பசித் தேய்பிறை என்றால் தீபாவளிக்கு முதல். பயற்றம் பணியாரம். பல்லு நோகுது. பச்சைக் கரட். நான் வளையம் கட்டியது யூலுக்கு. அதற்கு ஒரு மாதத்துக்கு மேலாக முன்னரே சின்ன மாமா செத்துப்போயிருந்தார். அப்பாவுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், அறைக்குள் இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சாவுச் சேதி சொல்லக்கூடாது என்று எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு அம்மாவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை!

"அப்ப என்ரை வளையம் என்னெண்டு அவரைக் கொண்டது?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

ஐயர் மந்திரத்தை நிற்பாட்டினார். "பெரியாக்களின்ரை காரியத்துக்குள்ளை வாய் காட்டாதை. போ உள்ளுக்கு" என்றார் மாமி.

எல்லாம் முடிந்த பிறகு அப்பாவை நடைபாதையில் மறித்தேன். "என்னட்டைப் பொய் சொன்னனீங்கள். ஐயரட்டை மட்டும் ஏன் உண்மையைச் சொன்னனீங்கள்?"

அப்பா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "செத்தவனுக்குப் பொய்த் திதியிலை குடுத்தா அவனுக்குப் போய்ச் சேராது பிள்ளை."

எனக்குச் சொன்ன பொய் மட்டும் என்னிடம் நேரே வந்து சேர்ந்தது. சின்ன மாமாவின் ஆத்துமாவைப் பற்றி இவ்வளவு கவனம்! உயிரோடு முன்னால் நின்ற பிள்ளையைப் பற்றி ஒரு கவனமும் இல்லை. அன்று மத்தியானம் வடை பாயாசத்தோடு வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கிழவர், "இந்தப் பிள்ளைதானே அந்த வளையத்தை" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். ஐப்பசித் திவசத்துச் சோற்றைத் தின்றுகொண்டு மார்கழி வளையத்தைக் கதைக்கிறார். அம்மா அவருக்கு இன்னொரு வடை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இப்போது விளங்காமல் இல்லை. செல் அடித்தவன் எட்டாத தூரத்தில் இருந்தான். சனத்தை வெளியேற விடாமல் மறித்து வைத்திருந்தவர்களும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தன் கையால் பணியாரம் சுட்டுத் தீபாவளி கொண்டாடிய நாளில் தம்பி செத்துக் கிடந்தான் என்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை. எல்லாருக்கும் கை எட்டிய தூரத்தில் நின்றது நான். விளங்குகிறது. விளங்கினால் கோபம் போய்விடும் என்று சொல்லுகிறவர்களுக்கு யாரும் ஒருநாளும் செருப்பு அடுக்கக் கொடுத்ததில்லை.

அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே செத்துப்போனார். நான் இப்போது ஓல்போர்க்கில் இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் வேலை. போன யூலுக்கு முதல் அம்மா வந்து எங்களோடு நின்றார். ஒரு பின்னேரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வளையத்தோடு வந்தாள். அவளுக்கு ஆறு வயது. காய்ந்த புல், ஹோர்டென்சியா, சிவப்புக் காய்கள். கம்பி தொய்ந்து அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தது. "கதவிலே போடுவோம்" என்று துள்ளினாள்.

அம்மா தேத்தண்ணீரை வைத்தார். "கதவிலை வேண்டாம் குஞ்சு. உன்ரை அம்மா சின்னனிலை ஒருக்கா இப்பிடித்தான் கொழுவி, என்ரை தம்பி..."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஆர் கொழுவினது அம்மா?"

"உந்தப் பழங்கதையை விடு."

"நான் தொடங்கேல்லை. நீங்கள்தான் தொடங்கினீங்கள். ஆர் கொழுவினது?"

"நீதானே கட்டினது."

"கட்டினது நான். கொழுவினது ஆர்?"

அம்மா கோப்பையின் பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, என்னைப் பாராமல் சொன்னார்: "அந்த ஆணி உனக்கு எட்டாதெல்லோ."

இத்தனை வருசத்துக்குப் பிறகு இதுதான் வந்தது. ஓகூஸ் மாமிக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகப் போட்டு, அம்மாவுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். "இதை மாமியட்டைச் சொல்லுங்கோ."

அம்மா சொன்னார். அதை நான் மறைக்கவில்லை, சொன்னார். "மச்சாள், அண்டைக்கு அந்த வளையத்தைக் கொழுவினது நான்."

"எந்த வளையம்?" மாமிக்கு வயது போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. "ஓ, அதுவோ! அது எனக்கு அண்டைக்கே தெரியும். சின்னவள் சொன்னவளெல்லோ. ஏன், இப்ப அதுக்கு என்ன?"

"தெரிஞ்சுகொண்டே ஏன் மாமி என்னைப் பேசினனீங்கள்?" என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதைக்காதை பிள்ளை. வயித்துப் பிள்ளைக்காரியைப் பேசலாமோ? ஆரையாவது பேசத்தானே வேணும்."

போனை நிற்பாட்டினேன். அலுமாரியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். மகளைக் கதவோடு நிற்பாட்டி, கையை உயர்த்தச் சொல்லி, அவள் கை எட்டுகிற இடத்தில் ஆணியை அடித்தேன். "கொழுவு" என்றேன். அவளே கொழுவினாள். சரிவாகத்தான் தொங்கியது. நான் நேராக்கவில்லை.

"பிள்ளை, குளிர் வருது. கதவைச் சாத்து" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

நான் சாத்தவில்லை.